லெகோ கட்டைகளும் ரசிகர் மென்பொருளும்: உங்கள் வடிவமைப்பு எந்தக் கோப்பில் இருக்கிறது?

கணினியில் லெகோ கட்டைகளை அடுக்கிப் பார்க்க விரும்புபவர்களுக்கு இன்று பெரும்பாலும் சொல்லப்படுவது பிரிக்லிங்க் ஸ்டுடியோ என்ற மென்பொருள். லெகோ பாகங்கள் விற்கும் இணையச் சந்தையான பிரிக்லிங்க்கை லெகோ குழுமம் 2019இல் வாங்கியது. நிறுவனத்தின் சொந்தத் தயாரிப்பான லெகோ டிஜிட்டல் டிசைனர் 2004இல் வந்தது, 2022 தொடக்கத்தில் ஓய்வுபெற்றது. அதன் இடத்துக்கு நிறுவனமே காட்டியது ஸ்டுடியோவைத்தான். அந்த ஸ்டுடியோ நிற்பதோ, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் என்ற ரசிகர் 1995இல் தொடங்கிய எல்டிரா (LDraw) பாக நூலகத்தின் மேல், அதாவது லெகோ பாகங்களின் கணினி வரைவுக் கோப்புகளின் தொகுப்பின் மேல். அவர் 1997இல் காலமானார். அதன்பின் உலகெங்கும் உள்ள ரசிகர்கள் ஒவ்வொரு பாகமாக அளந்து, வரைந்து, ஒருவர் வேலையை இன்னொருவர் சரிபார்த்து அந்த நூலகத்தை வளர்த்திருக்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. நிறுவனம் ஒரு மென்பொருளைக் கைவிடலாம். டிசைனரில் உருவாக்கிய மாதிரியை அப்படியே பெட்டியில் வரவழைக்கும் சேவையும் ஒருகாலத்தில் இருந்தது. 2012இல் அதுவும் முடிந்துவிட்டது. எல்டிரா வடிவில் சேமித்த மாதிரிக் கோப்பு மட்டும் இன்றும் திறக்கிறது. காரணம், அது வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடில்கூடப் படிக்கலாம்.

ஒரு சிவப்பு 2×4 கட்டை அதில் ஒரே வரிதான். முதல் எண் 1, அதாவது ‘இங்கே ஒரு பாகம் வருகிறது’. அடுத்த 4 சிவப்பு நிறம். பிறகு இடத்தைச் சொல்லும் மூன்று எண்கள், திருப்பத்தைச் சொல்லும் ஒன்பது எண்கள், கடைசியில் 3001 என்ற பாகக் கோப்பின் பெயர். இட எண்கள் 0, -24, 0 என்றிருந்தால் கட்டை ஒரு அடுக்கு மேலே இருக்கிறது என்று பொருள். எல்டிராவில் மேல்நோக்கிய திசைக்குக் கழித்தல் குறி. புதிதாக நிரல் எழுதுபவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான், மாதிரி தலைகீழாக நிற்கும். அலகு சுமார் 0.4 மி.மீ. ஒரு குமிழின் அகலம் உள்ள கட்டை 20 அலகு (8 மி.மீ.), கட்டையின் உயரம் 24 அலகு (9.6 மி.மீ.), பிளேட் எனப்படும் மெல்லிய கட்டையின் உயரம் 8 அலகு. மூன்று பிளேட் சேர்ந்தால் ஒரு கட்டை.

எனவே ஸ்டுடியோவில் வேலை முடிந்ததும் அதன் சொந்தக் கோப்போடு நிறுத்தாமல், எல்டிராவாகவும் ஏற்றுமதி செய்து வையுங்கள். மாதிரிக்குள் துணை மாதிரிகள் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் அடக்கும் எம்பிடி வடிவம் நல்லது. தனித்தனிக் கோப்புகளாக வைத்து ஒன்றை மட்டும் நண்பருக்கு அனுப்பினால், அவர் திரையில் பாதி மாதிரிதான் தெரியும். அதிகாரப்பூர்வ நூலகத்தில் இன்னும் சேராத பாகங்களைப் பயன்படுத்தியிருந்தாலும் இதே சிக்கல்தான். அந்தப் பாகக் கோப்பையும் எம்பிடிக்குள் சேர்த்துவிட வேண்டும்.

பழைய டிசைனர் கோப்புகள் கையில் இருந்தால் தள்ளிப்போடாமல் இப்போதே எல்டிராவுக்கு மாற்றுங்கள். ஒரே பாகத்துக்கு இரண்டு அமைப்புகளிலும் மையப் புள்ளி வேறு. எந்தப் பாகத்துக்கு எது இணை என்று மாற்றும் நிரல் பார்க்கும் அட்டவணையில் இல்லாத பாகம் இடம் மாறியோ, திரும்பியோ, காணாமலோ போகும். வளையும் குழாய்களையும் கயிறுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரிசெய்ய வேண்டிவரும். பழைய கோப்பை அழிக்க வேண்டாம். மாற்றியதைப் பாக எண்ணிக்கை வைத்து ஒப்பிடுங்கள். கட்டைகளை வாங்கப் போகிறீர்கள் என்றால் நிறத்தையும் பாருங்கள். திரையில் எந்தப் பாகத்துக்கும் எந்த நிறமும் பூசலாம்; தொழிற்சாலை அந்த நிறத்தில் அதை வார்த்திருக்காவிட்டால் காசு கொடுத்தும் கிடைக்காது.

சொந்தமாக மென்பொருள் எழுதுபவர்களுக்கு எல்லைக்கோடு கட்டையின் வடிவத்தில் இல்லை, பெயரில் இருக்கிறது. கட்டையின் வடிவத்தை வர்த்தகக் குறியாகப் பதிய முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. அந்த வடிவம் கட்டை செய்யும் வேலைக்காகவே அமைந்தது என்பது காரணம். சிறு மனித உருவத்தின் கதை வேறு. அதன் வடிவத்துக்கான வர்த்தகக் குறியை ஐரோப்பியப் பொது நீதிமன்றம் 2015இல் நிலைநிறுத்தியது. ஆகவே செயலியின் சின்னமாக அந்த உருவத்தை வைக்காதீர்கள்.

ரசிகர்களுக்கான ‘ஃபேர் ப்ளே’ என்ற வழிகாட்டுதலை நிறுவனமே வெளியிட்டிருக்கிறது. ரசிகர் முயற்சிகளை ஒரேயடியாகத் தடுக்காமல், எதைத் தொடக் கூடாது என்று சொன்னது நல்ல முடிவு என்பது எங்கள் கருத்து. அதன்படி இணைய முகவரியில் ‘லெகோ’ வரக் கூடாது, சிவப்புச் சதுரச் சின்னத்தைப் பயன்படுத்தக் கூடாது. லெகோ என்பது லெகோ குழுமத்தின் வர்த்தகக் குறி என்றும், அந்தக் குழுமம் இதற்கு ஆதரவோ அனுமதியோ ஒப்புதலோ தரவில்லை என்றும் தெளிவாக எழுத வேண்டும்.

பலர் மறப்பது இன்னொரு பக்கத்தை. எல்டிரா நூலகமும் இலவசம்தானே என்று அப்படியே அள்ளிக்கொள்வது தவறு. அது கிரியேட்டிவ் காமன்ஸின் பெயர் குறிப்பிடும் உரிமத்தில் வருகிறது. வணிகச் செயலியிலும் பயன்படுத்தலாம், ஆனால் யாருடைய உழைப்பு என்று சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு பாகக் கோப்பின் தலைப்பிலும் வரைந்தவர் பெயரும் உரிம வரியும் இருக்கும். கோப்பின் அளவைக் குறைக்க அவற்றை வெட்டுவதாக இருந்தால், ‘பற்றி’ பக்கத்தில் அந்தப் பெயர்களையும் உரிமத்தையும் முதலில் சேர்த்துவிடுங்கள்.