ப்ளூ கட் கண்ணாடி கேட்டு வராதீர்கள்

கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த 2021-இல் தினமும் இதே பேச்சுதான். “டாக்டர், பையனுக்கு ஆன்லைன் கிளாஸ் நடக்குது. நல்லதா ஒரு ப்ளூ கட் கண்ணாடி எழுதிக் கொடுங்க.” பையனுக்கு ஏழு வயது. பரிசோதித்தால் இரண்டு கண்ணிலும் மைனஸ் பவர், அதாவது தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும் கிட்டப்பார்வை. வகுப்பில் உட்கார்ந்திருந்தால் போர்டு தெரியவில்லை என்று டீச்சரே கண்டுபிடித்திருப்பார். பள்ளி மூடி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. யார் கண்டுபிடிப்பது?

ப்ளூ கட், அதாவது திரையின் நீல ஒளியைத் தடுக்கும் என்று விற்கும் கண்ணாடி, அந்த விஷயத்தை ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறேன். போனிலிருந்து வரும் நீல ஒளி பிள்ளைகளின் கண்ணைக் கெடுக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. பகலில் வாசலில் நின்றால் கண்ணில் விழும் நீல ஒளி அதைவிடப் பல மடங்கு அதிகம். அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமியும் இந்தக் கண்ணாடியைப் பரிந்துரைப்பதில்லை. கடையில் ஒரு சின்ன டார்ச்சை லென்ஸ் மீது அடித்து, “பாருங்க, ஒளி தாண்டலை” என்று காட்டுவார்கள். அந்த டார்ச்சில் வருவது பெரும்பாலும் ஊதா ஒளி. போன் திரையில் அது இல்லை என்றே சொல்லலாம். ராத்திரி போன் பார்த்தால் தூக்கம் கெடும், அது உண்மை. அதற்குக் கண்ணாடி வேண்டாம், பிள்ளை கையிலிருந்து போனை வாங்கி வைத்தால் போதும்.

கெடுப்பது இரண்டு: கிட்டத்தில் வைத்தே பார்ப்பதும், வெளிச்சத்துக்கே போகாததும். சீனாவின் ஃபெய்செங் நகரில் ஆறு வயதுப் பிள்ளைகளில் கிட்டப்பார்வை 2015 முதல் 2019 வரை எந்த வருடமும் 5.7 சதவீதத்தைத் தாண்டவில்லை. வீட்டில் அடைந்து கிடந்த 2020-இல் அது 21.5 சதவீதம்.

அந்த நாட்களில், ஒரு நாள் எப்படிப் போகிறது என்று அம்மாக்களிடம் கேட்பேன். மத்திய அரசின் 2020 வழிகாட்டுதல்படி ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை தினம் இரண்டே ஆன்லைன் வகுப்பு, ஒவ்வொன்றும் அதிகபட்சம் 45 நிமிடம் என்று இருந்தது. அம்மா அடுப்படியில், பிள்ளை கட்டிலில் குப்புறப் படுத்தபடி அதைக் கேட்கிறது. சரி, அது முடிந்துவிடும். அப்புறம் வருகிறது வாட்ஸ்அப் நோட்ஸ். போன் அப்பாவுடையது என்றால் அவர் வேலை முடிந்து வந்த பிறகு, ராத்திரிதான். டீச்சர் கையால் எழுதி, சாய்வாகப் படம் எடுத்து அனுப்பியது. பிள்ளை அதை விரலால் பெரிதாக்கி, இரண்டு வார்த்தை பார்த்து, நோட்டில் எழுதி, படத்தை நகர்த்தி, மறுபடி குனிகிறது. மூக்கு திரையில் இடிக்காத குறை. என்னைக் கேட்டால், வகுப்பைவிட இந்த எழுத்து வேலைதான் கண்ணுக்குப் பெரிய பாரம்.

தயவுசெய்து அந்தப் படத்தை நீங்கள் வாசியுங்கள், பிள்ளை எழுதட்டும். காய் நறுக்கிக்கொண்டே வாசிக்கலாம். போனை டிவியோடு இணைக்க முடிந்தால் இணையுங்கள். டிவி பார்த்தால் கண் கெடும் என்று பயந்து போனைக் கொடுப்பது தலைகீழ் வேலை. போன்தான் என்றால் மேசை மேல் நிமிர்த்தி வையுங்கள், ஒரு கை நீளம் தள்ளி. 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஜன்னல் வழியே தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். படுத்துக்கொண்டு பார்ப்பது கூடவே கூடாது.

தினம் இரண்டு மணி நேரம் வெளி வெளிச்சம் வேண்டும். தைவானில் 2010-இலிருந்து இதைப் பள்ளித் திட்டமாகவே நடத்துகிறார்கள். மொட்டை மாடி, வாசல், வேப்பமர நிழல் எதுவானாலும் சரி. நிழலில்கூட சில ஆயிரம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் உண்டு; நம் வீட்டு ஹாலில் 500 வந்தாலே அதிகம். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் துரத்திவிடுங்கள்.

கண் சிவந்தால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு சொட்டு மருந்து வாங்காதீர்கள். சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். தொடர்ந்து விட்டால் கண் அழுத்தம் ஏறும்.

வீட்டிலேயே ஒன்று செய்யலாம். சுவரில் இருக்கும் தேதி காலண்டரைப் பத்தடி தள்ளி நின்று ஒரு கண்ணை மூடி வாசிக்கச் சொல்லுங்கள், பிறகு மறு கண். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தாலோ, கண்ணைச் சுருக்கினாலோ அழைத்து வாருங்கள். கடையில் கம்ப்யூட்டர் காட்டும் பவரை அப்படியே எழுதி வாங்க வேண்டாம். பிள்ளைகள் கண்ணை இறுக்கிப் பார்ப்பதால் மைனஸ் கூடுதலாகக் காட்டும். முதல் தடவை, அந்த இறுக்கத்தைத் தளர்த்தும் சொட்டு மருந்து (டிராப்ஸ்) போட்டுத்தான் பார்க்க வேண்டும். “அவசரமா போகணும், டிராப்ஸ் வேண்டாம் டாக்டர்” என்று கேட்காதீர்கள்; அரை நாள் ஒதுக்கி வாருங்கள். மறுநாள் வரை கிட்டத்தில் எழுத்து மங்கலாகத் தெரியும். அன்றைக்கு நோட்ஸ் எழுத முடியாது என்று டீச்சருக்கு ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள்.