புருவத்தைத் தளர விட்டதும் பந்து நின்றுவிட்டது

வி.ஆர். (மெய்நிகர் காட்சி) ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, அதற்கடியில் நெற்றியோடு ஒட்டி, மூளையின் மின் அலைகளை அளக்கும் ஒரு பட்டையையும் கட்டிக்கொண்டு, ஒரு மாணவர் எங்கள் ஆய்வகத்தில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு பந்து மிதக்கிறது. மனதை ஒருமுகப்படுத்தினால் பந்து மேலே எழும் என்கிறது செயலி. எழுந்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். "தம்பி, புருவத்தைத் தளர விட்டுட்டு இன்னொரு தடவை பண்ணுங்க" என்றேன். பந்து அசையவே இல்லை.

அவர் ஏமாற்றவில்லை, பட்டையும் பழுதில்லை. மூளை அலைகள் தலைத்தோலுக்கு வந்து சேரும்போது பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோவோல்ட்தான் மிஞ்சும். ஒரு மைக்ரோவோல்ட் என்றால் வோல்ட்டில் 10 லட்சத்தில் ஒரு பங்கு. கண் சிமிட்டினாலே அதைவிடப் பெரிய அலை எழும்; பல்லைக் கடித்தால் மூளையின் சிக்னல் அதில் மூழ்கியே போய்விடும். முடி இல்லாத இடம் என்பதால் மலிவான பட்டைகள் நெற்றியைத் தேர்ந்தெடுக்கின்றன. புருவத் தசையும் அங்கேதான் இருக்கிறது. யோசிக்கும்போது நாம் முகத்தைச் சுளிப்பது வழக்கம். அந்தத் தசைத் துடிப்பைச் செயலி 'கவனம்' என்று கணக்கெழுதிக்கொள்கிறது.

புதுப் பட்டை எது கைக்கு வந்தாலும் நான் முதலில் செய்யும் சோதனை, அதன் மின்முனையை (தோலில் பட்டு அலையை எடுக்கும் முனை) பின்மண்டையில் வைத்துக் கண்ணை மூடச் சொல்வது. கண்ணை மூடினால் பின்மண்டையில் 8 முதல் 13 ஹெர்ட்ஸ் வரையிலான, அதாவது நொடிக்கு அத்தனை முறை துடிக்கும், ஆல்ஃபா அலை பெருகும். 1924இல் மனித மூளை அலையை முதன்முதலில் பதிவுசெய்த ஹான்ஸ் பெர்கர் கவனித்ததும் இதைத்தான். சிலருக்கு இயல்பிலேயே ஆல்ஃபா குறைவு; அதனால் இரண்டு மூன்று பேரிடம் பார்த்துவிடுங்கள். யாரிடமும் வரவில்லையென்றால் பட்டை பெரும்பாலும் வேறெதையோ அளக்கிறது, மூளையை அல்ல. அலையை அப்படியே காட்டாமல் 'கவனம் 72' என்று எண்ணை மட்டும் காட்டும் கருவியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

மலிவு என்பதே மட்டம் என்றும் சொல்ல மாட்டேன். ஓப்பன்பிசிஐ நிறுவனத்தின் சைட்டன் என்ற மூளை அலைப் பதிவுப் பலகை, தலையின் 8 இடங்களில் நொடிக்கு 250 முறை அலையை அளக்கும். கற்றுக்கொள்ள அது தாராளம். பேட்டரியில் மட்டும் ஓட்டுங்கள். தலையில் மின்முனை இருக்கும்போது சார்ஜர் பக்கமே போக வேண்டாம்.

சரி, வி.ஆரில் இதற்கு என்ன வேலை? நொடிக்கு 12 முறை மினுங்கும் பொருளை உற்றுப் பார்த்தால் பின்மண்டையிலும் அதே 12 ஹெர்ட்ஸ் எதிரொலிக்கும். எதைப் பார்க்கிறீர்கள் என்று அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். வலிப்பு வரலாறு உள்ளவர்களிடம் மட்டும் இந்த மினுக்கு விளையாட்டே கூடாது. ஆனால் பார்வையால் தேர்ந்தெடுப்பதுதான் வேலை என்றால், கண்ணைத் தொடரும் கேமரா இதைவிட வேகமாகச் செய்துவிடும். பந்தை நகர்த்துவதில் எனக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லாததும் அதனால்தான். பயிற்சியில் இருப்பவர் எப்போது சோர்கிறார், எங்கே திடுக்கிடுகிறார் என்று பார்த்து வி.ஆர். காட்சியே தன்னை மாற்றிக்கொள்வது, கை கால் அசைக்க முடியாதவருக்கு ஒரு 'ஆம்', 'இல்லை' கிடைப்பது: என் எதிர்பார்ப்பெல்லாம் இவற்றில்தான். அங்கேயும் தலையைத் திருப்பினால் கம்பி ஆடும், ஹெட்செட் வார் மின்முனையை நகர்த்திவிடும், வியர்வை சிக்னலைக் கெடுக்கும். எங்கள் நேரத்தில் பாதி இதோடு மல்லுக்கட்டுவதிலேயே போகிறது.

இன்னொன்று, பதிவு எங்கே போகிறது என்பது. மூளைச் செயல்பாட்டைப் பாதுகாக்க 2021இல் சிலி தன் அரசியலமைப்பையே திருத்தியது. 2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஒரு முன்னாள் செனட்டரின் மூளைத் தரவை அழிக்குமாறு மூளை அலைப் பட்டைகளை விற்கும் எமோட்டிவ் நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. வாங்கும் முன் இணையத்தை அணைத்துவிட்டு அந்தச் செயலி ஓடுகிறதா என்று பாருங்கள்.

அந்த மாணவர் போன வாரம் ஒரு பதிவு அனுப்பியிருந்தார். முடியை விலக்கி, மின்முனையைப் பின்மண்டையில் பதித்து எடுத்தது. கண்ணை மூடியதும் 10 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு மேடு எழுகிறது, திறந்ததும் அடங்குகிறது.