லேமினேஷன் கவசம் அல்ல

பழைய காகிதங்களைச் செப்பனிடுவது என் தொழில். மறுபடியும் ஒரு நிலப் பத்திரம் செப்பனிட வந்திருக்கிறது. போரில் ஊரைவிட்டு ஓடிய குடும்பத்தின் பத்திரம். 'பத்திரமா இருக்கட்டும்' என்று லேமினேட் செய்திருக்கிறார்கள். ஓரத்தில் மயிரிழை இடைவெளி. அதன் வழியே உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை. முத்திரையின் ஊதா மை பாதிப் பக்கத்துக்குப் பரவி, நடுவில் பூஞ்சை பூத்திருக்கிறது. இப்படி எத்தனை பார்ப்பது?

நூலகம் எரிந்தால் உலகம் பேசும்: 1981இல் யாழ்ப்பாணம், 1992இல் போஸ்னியாவின் சரயேவோ. வீட்டு பீரோ எரிந்தால் யாரும் பேசுவதில்லை. போரில் பண்பாட்டுச் சொத்துகளைக் காக்க வந்த 1954 ஹேக் உடன்படிக்கையின் நீலக் கேடயச் சின்னமும் வீட்டு பீரோவில் ஒட்டுவதற்கானது அல்ல. ஆனால் அக்கம்பக்கத்தில் வாழ்ந்த மக்களே மோதிக்கொள்ளும் போரில் 'நீ இந்த மண்ணைச் சேர்ந்தவனே இல்லை' என்பதுதான் முதலில் எழும் பேச்சு. அந்தப் பேச்சுக்கான பதில் அந்த பீரோவில் இருக்கும் காகிதங்களில்தான் இருக்கிறது. போஸ்னியாவில் போரை முடித்த 1995 டேட்டன் உடன்படிக்கையின் 7ஆம் இணைப்பு, விரட்டப்பட்டவர்கள் வீட்டைத் திரும்பப் பெறும் உரிமையை ஒப்புக்கொண்டது. உரிமை ஏட்டில் இருந்தால் ஆயிற்றா? வீடு தன்னுடையது என்று காட்ட வேண்டாமா?

லேமினேஷனுக்கே வருகிறேன். சூடான உருளைகள் பிளாஸ்டிக்கின் பசையை உருக்கி, காகித இழைக்குள் இறக்கிவிடும். அந்தப் பசையைக் கரைக்கும் திரவம் பெரும்பாலும் மையையும் கரைத்துவிடும். வெப்பத்தாளில் அச்சான ரசீது அந்தச் சூட்டிலேயே கறுத்துப்போகும். புடைப்பு முத்திரை நசுங்கும். விரலால் தடவிச் சோதிக்க வழியில்லை என்று பல அலுவலகங்கள் வாங்கவே மாட்டா. தீயையாவது தாங்குமா என்றால், அதுவும் இல்லை. பிளாஸ்டிக் உருகிக் காகிதத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஏற்கெனவே செய்துவிட்டீர்களா? தயவுசெய்து பிரிக்க முயலாதீர்கள், இஸ்திரிப் பெட்டியைத் தொடவே தொடாதீர்கள். சான்றிட்ட நகல் ஒன்று வாங்கி வையுங்கள்.

செய்ய வேண்டியது எளிது. குண்டூசி, ஸ்டேப்ளர் ஊசி, ரப்பர் பேண்டு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். செல்லோடேப் ஒட்டியிருந்தால் பிய்க்காமல் விடுங்கள். ஒவ்வொரு தாளையும் ஒரு பக்கம் திறந்த பாலியஸ்டர் உறையில் இடுங்கள். பிளாஸ்டிக் வாடை குப்பென்று அடித்தால் அது காகிதத்தைக் கெடுக்கும் பிவிசி பிளாஸ்டிக், வேண்டாம். அப்புறம் ஜிப்லாக் பைக்குள் ஒரு ஜிப்லாக் பை, வாய்கள் எதிரெதிர்ப் பக்கம், காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். ஈரத் தாளை மட்டும் இப்படி மூடாதீர்கள்.

புகைப்படத்தை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. பின்புறம் ஓரமாக, 2பி பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனாவால் எழுதினால் படத்தின் முன்பக்கத்தில் தடம் விழும். ஸ்கேன் என்றால் தாளுக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு), படத்துக்கு 600. பின்பக்கமும் சேர்த்து! பதிவு எண்ணும் முத்திரையும் பல சமயம் அங்கேதான் இருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள், அதுவும் வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கு.

ஒன்று மட்டும் தொழிலுக்கு எதிராகச் சொல்கிறேன்: எல்லாவற்றையும் கையோடு சுமக்காதீர்கள். ருவாண்டாவில் 1994இல் அடையாள அட்டையில் இருந்த இனப் பெயரே சோதனைச் சாவடிகளில் பலர் உயிரைப் பறித்தது. சீருடைப் படம், பழைய கட்சி அட்டை போன்றவற்றை ஸ்கேன் செய்து வெளியே அனுப்பிவிட்டு, போனிலிருந்து அழித்துவிடுங்கள். காகிதத்தைவிட ஆள் முக்கியம்.

நனைந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். சேறு இருந்தால் சுத்தமான குளிர்ந்த நீரில் அலசி, நிழலில், படம் மேலே பார்க்க, ஒன்றையொன்று தொடாமல் பரப்புங்கள். மை கரைகிறதென்றால் அலச வேண்டாம். ஒட்டிக்கொண்ட படங்களை உரிக்காதீர்கள். நீரிலேயே மெல்லத் தளரட்டும். வெயிலும் ஹேர் டிரையரும் கூடாது. உலர்த்த நேரமில்லை என்றால் கட்டோடு ஃப்ரீசரில் வைக்கலாம், மின்சாரம் நிற்காத இடமாக இருந்தால் மட்டும்.

கரி படிந்த தாளை ஈரத்துணியால் துடைத்தால் கரி உள்ளே இறங்கிவிடும். எரிந்த தாளைத் தட்டையான அட்டைப் பெட்டியில், அசையாதபடி வைத்துக் கொண்டுவாருங்கள். அழகுக்காகக் கருகிய ஓரத்தை வெட்டி எறியாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத எழுத்து அகச்சிவப்புப் படத்தில் பல நேரம் தெரியும்.