பாலிசி: கொள்கையா, செயல்நெறியா?

"நம் தொகுதி செனட்டர் நாளைக் காலை எட்டு மணிக்குப் பேச்சு வானொலியில் கொள்கைப் பிரச்சினைகள் குறித்து விவாதிக்கிறார்."

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் பக்கம் எங்கள் குடியிருப்பில் உள்ள தமிழர்களுக்காக, யாரோ நல்ல மனத்தோடு மொழிபெயர்த்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய வரி இது. ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த அப்பா அதைப் படித்துவிட்டுக் கேட்டார்: "என்னப்பா, இந்த ஆளு கட்சிய விட்டு வெளிய வரப் போறாரா?"

ஐம்பது ஆண்டுகளாக நாள் தவறாமல் செய்தித்தாள் படிக்கிறவர் அப்பா. அவர் தவறாகப் படிக்கவில்லை. தமிழ்நாட்டில் 'கொள்கைப் பிரச்சினை' என்ற சொற்கள் எந்த இடத்தில் வருமோ அந்த இடத்துக்குத்தான் அவர் மனம் போயிற்று. கூட்டணியில் கொள்கைப் பிரச்சினை வரும். தலைமையோடு கொள்கைப் பிரச்சினை ஏற்பட்டு ஒருவர் விலகுவார். கொள்கையை விட்டுக்கொடுத்துவிட்டார் என்று எதிர்க்கட்சி மேடையில் முழங்கும். தமிழ் அறிந்த எவரும் அந்த வரியை அப்படித்தான் படிப்பார்கள். எழுதியவருக்கு மட்டும் வேறு பொருள் மனத்தில் இருந்தது, ஏனென்றால் அவர் ஆங்கில வரியையும் பார்த்திருந்தார். அதில் இருந்தது 'பாலிசி இஷ்யூஸ்'.

மறுநாள் காரில் போகும்போது அந்த நிகழ்ச்சியைக் கேட்டேன். முக்கால் மணி நேரத்தில் கொள்கை என்று சொல்லத்தக்க எதுவும் பேசப்படவில்லை. பாதி நேரம் சொத்து வரி. டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது. அதனால் பள்ளிக்கூடச் செலவின் பெரும்பாரம் வீட்டின் மேல் விதிக்கும் வரியில் வந்து விழுகிறது. சொந்த வீட்டில் குடியிருப்போருக்குப் பள்ளி வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளும் தொகை 40,000 டாலராக இருந்ததை 2023 நவம்பரில் மக்கள் வாக்களித்து 1,00,000 டாலராக உயர்த்தினார்கள். "அப்படியும் என் வரி ஏன் குறையவில்லை?" என்று ஒரு பெண்மணி தொலைபேசியில் கேட்டார். வீட்டின் மதிப்பீடு ஏறியதையும், பள்ளி வரியைத் தவிர மாவட்டம், நகராட்சி, மருத்துவமனை என்று தனித்தனியாக வரும் வரிகளையும் அந்தச் செனட்டர் பொறுமையாக விளக்கினார். வசதியான பள்ளி மாவட்டங்களின் பணத்தை எடுத்து ஏழை மாவட்டங்களுக்குக் கொடுக்கும் ஏற்பாடு 1993 முதல் இருக்கிறது. 'ராபின் ஹூட்' என்று அங்கே செல்லப்பெயர். அதைப் பற்றி ஒருவர் கோபமாகக் கேட்டார். கடைசியில் மின்சாரம். 2021 பிப்ரவரிக் குளிரில் மின்சாரம் போய், மாநில அரசின் கணக்குப்படியே 246 பேர் இறந்த பிறகு, மின் நிலையங்களைக் குளிர் தாங்கும்படி மாற்ற வேண்டும் என்று சட்டம் வந்தது. அது நடந்திருக்கிறதா என்பது கேள்வி.

வரி எவ்வளவு, யார் கட்டுவது, பணம் எந்தப் பள்ளிக்குப் போவது, குழாயில் நீர் உறையாமல் இருக்க என்ன செய்வது. இவற்றைத்தான் அந்த ஒரு வரி 'கொள்கைப் பிரச்சினைகள்' என்றது. இந்தச் சொற்சேர்க்கையை நான் பார்ப்பது இது நூறாவது தடவையாவது இருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

சொற்பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நகரம் என்று பொருள்படும் 'பொலிஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து 'பொலிடெய்யா', அதாவது நகராட்சி முறை. அது லத்தீன் வழியாகப் பிரெஞ்சுக்குப் போய் ஆங்கிலத்தில் பாலிசி ஆயிற்று. நம் காவல் நிலையத்து 'போலீஸ்' இதற்கு உடன்பிறப்பு. ஆனால் எல்.ஐ.சி. முகவர் விற்கிற பாலிசி இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல. அது சான்று, மெய்ப்பிப்பு என்று பொருள்படும் வேறொரு கிரேக்கச் சொல்லிலிருந்து இத்தாலியின் வணிகர் சீட்டு வழியாக வந்தது. ஆங்கிலத்தில் இரண்டும் ஓசையில் ஒன்றாகிவிட்டன, அவ்வளவுதான். "பாலிசி எடுத்தாச்சா?" என்று நம் வீடுகளில் கேட்பது இந்த இரண்டாவதை.

இனிக் கொள்கை. கொள் என்ற வினையோடு 'கை' சேர்ந்து வந்த பெயர். செய்கை, வருகை போல. ஒருவர் மனத்துள் கொண்டது கொள்கை. மிகப் பழைய சொல். தலை நரைக்காததற்குக் காரணம் சொல்லும் பிசிராந்தையார், புறநானூற்று 191ஆம் பாட்டை "ஆன்றவிந் தடங்கிய கொள்கைச் சான்றோர் பலர்யான் வாழும் ஊரே" என்று முடிக்கிறார். அந்தக் கொள்கை ஒரு மனிதர் தம் வாழ்வையே கட்டி நிறுத்திக்கொண்ட உறுதி. கோட்பாடும் இதே 'கொள்' வேரில் பிறந்ததுதான். இந்த இரண்டு சொற்களிலும் மனத்தின் பிடி இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டாக அந்தப் பிடி தளரவில்லை. இன்றும் 'கொள்கைப் பிடிப்பு' என்றுதான் சொல்கிறோம். கொள்கையை மாற்றிக்கொண்டவரை நாம் மதிப்பதில்லை.

ஆனால் அரசின் பாலிசி மாற வேண்டியது. வரிவிலக்கு 40,000 என்பதில் யாருக்கும் பிடிப்பு இல்லை. பயன்படவில்லையென்றால் மாற்றலாம், மாற்றாவிட்டால்தான் தப்பு. மாற்றுவதே பெருமையான ஒன்றுக்கு, மாற்றுவதே இழிவான ஒன்றின் பெயரை வைத்தது பெரிய பிழை என்பதே என் வழக்கு. இந்தப் பிழை சொல்லோடு நிற்கவில்லை. சொத்து வரியைக் 'கொள்கை' என்று சொல்லிப் பழகியவர், அதை மாற்றச் சொல்கிறவரைக் கொள்கை எதிரியாகவே பார்க்கத் தொடங்குகிறார்.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். ஒரு நண்பர் இதே பேச்சில் என்னை மடக்கினார்: "சட்டமன்றத்தில் ஒவ்வொரு துறையும் ஆண்டுதோறும் கொள்கை விளக்கக் குறிப்பு வைக்கிறதே, அரசு ஏற்றுக்கொண்ட சொல்லை நீ யார் மறுக்க?" தேசியக் கல்விக் கொள்கை, வெளியுறவுக் கொள்கை, மதுவிலக்குக் கொள்கை என்று அடுக்கினார். இவற்றில் சிலவற்றோடு எனக்குச் சண்டை இல்லை. மதுவிலக்கு என்பது ஒருவர் மனத்தில் கொண்டதாகவே தொடங்கியது. அங்கே கொள்கை பொருந்துகிறது. வெளியுறவிலும் அணிசேராமை போன்ற ஒரு நிலைப்பாடு இருந்தால் பொருந்தும். ஒரு பெரிய ஆவணத்தின் தலைப்பாக நிலைத்துவிட்டதையும் இனிப் பிடுங்க முடியாது. ஆனால் 'கொள்கை விளக்கக் குறிப்பு' என்ற அந்தப் புத்தகத்தை அவர் திறந்து பார்த்திருக்கிறாரா? அதில் இருப்பது எத்தனை கிலோமீட்டர் சாலை, எத்தனை பணியிடம், எவ்வளவு ஒதுக்கீடு என்பது. துறை என்ன செய்தது, என்ன செய்யப்போகிறது என்பது. அதில் கொள்கையைத் தேடினால் அட்டையில் மட்டும்தான் கிடைக்கும்.

அவர் கடைசியாக வைத்த சான்று 'கொள்கை முடிவு'. "இது அரசின் கொள்கை முடிவு, நீதிமன்றம் தலையிட முடியாது" என்று நாளிதழ்களில் வாரம் ஒருமுறையாவது வரும். எனக்கு இதுதான் மிகவும் உறுத்துகிறது. பேருந்துக் கட்டணம், மணல் குவாரி, கடை திறக்கும் நேரம் எல்லாம் இந்தச் சொல்லின் நிழலில் போய் நிற்கின்றன. சட்டத்தில் அதற்கு ஒரு நியாயம் உண்டு: எந்த வழியில் போவது என்பதைத் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு முடிவு செய்யட்டும், நீதிபதி முடிவு செய்ய வேண்டாம் என்பது. ஆனால் தமிழில் 'கொள்கை' என்றதும் அது புனிதமாகிவிடுகிறது. கேட்கிறவர் வாயை மூடிக்கொள்கிறார். வழியைத் தேர்ந்தெடுத்தது என்று சொல்லியிருந்தால், ஏன் அந்த வழி என்று கேட்கத் தோன்றும்.

கணினிக்காரர்கள் இதை இன்னும் கீழே கொண்டுபோய்விட்டார்கள். கைபேசியில் எந்தச் செயலியைத் திறந்தாலும் 'தனியுரிமைக் கொள்கை'. வாங்கிய சட்டை அளவு சரியில்லை என்றால் 'பணம் திரும்பப்பெறும் கொள்கை'யைப் படிக்கச் சொல்கிறது. சட்டையைத் திருப்பி வாங்குவதில் என்ன கொள்கை? நம் ஊர் ஜவுளிக்கடைப் பில்லின் அடியில் "விற்ற சரக்கு வாபஸ் பெறப்படமாட்டாது" என்று ஒரே வரியில் அச்சிட்டிருப்பார்கள். அதற்கு யாரும் தலைப்பே வைக்கவில்லை. விதி அது, படித்தவருக்குப் புரிந்தது.

பாலிசிக்கு நான் சொல்லும் சொல் செயல்நெறி. நெறி என்றால் வழி, பாதை. வழி என்பது ஓரிடத்துக்குப் போவதற்கு. போகவில்லையென்றால் வேறு வழி பார்க்கலாம், தடம் மாறலாம், பாலம் உடைந்தால் சுற்றிப் போகலாம். ஒரு அரசு எதைச் செய்வது, எப்படிச் செய்வது என்று வகுத்துக்கொண்ட வழி செயல்நெறி. நடத்தை நெறி, ஒழுக்க நெறி என்று நெறியை அறத்தின் பக்கம் சேர்த்துவிட்டார்களே, குழப்பம் வராதா என்று கேட்பார்கள். அதற்காகத்தான் முன்னால் 'செயல்' நிற்கிறது. 'செயற்கொள்கை' என்று சிலர் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். நோய் தெரிந்திருக்கிறது, மருந்து அரைகுறை. கொள்கையை வைத்துக்கொண்டே முன்னால் எதை ஒட்டினாலும் அந்தப் பிடிப்பு போகாது. 'திட்டம்' என்று விட்டுவிடலாமே என்றால் அதுவும் போதாது. மதிய உணவு ஒரு திட்டம். பிள்ளைகள் பசியோடு படிக்கக் கூடாது என்பதற்காக அரசு எந்தெந்த வழியில் செலவிடும் என்பது செயல்நெறி. திட்டங்கள் அதன் கீழே வரும்.

அந்த வரியின் மற்றப் பாதி 'பிரச்சினை'. வடமொழி 'பிரச்ன'த்திலிருந்து வந்தது. கேள்வி என்பது அதன் மூலப்பொருள். கோயில்களில் பிரசன்னம் பார்க்கிறார்களே, அதுவும் கேள்வி கேட்பதுதான். தமிழுக்கு வந்தபின் அது தொல்லை, சிக்கல், தகராறு என்று ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் இஷ்யூ என்பது பேசி முடிவெடுக்க வேண்டிய ஒரு பொருள். அது தொல்லையாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. இதற்கு நமக்குப் 'பேசுபொருள்' என்ற அழகான சொல் புழக்கத்திலேயே இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பிரச்சினை ஆக்குகிறோம்.

'செனட்டர்' என்றதும் சரியில்லை. அமெரிக்கச் செய்தி என்றால் வாஷிங்டனில் இருக்கும் நூறு பேரைத்தான் தமிழ் வாசகர் நினைப்பார். டெக்சஸிலிருந்து அங்கே போனவர்கள் இருவர். இவரோ ஆஸ்டினில் கூடும் மாநிலச் சட்டமன்றத்தின் மேலவையில் உள்ள 31 பேரில் ஒருவர். கீழவையில் 150 பேர். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஒற்றைப்படை ஆண்டில், 140 நாள் கூடுகிறார்கள். சம்பளம் ஆண்டுக்கு 7,200 டாலர். அதனால் பெரும்பாலோர் வேறு தொழில் செய்துகொண்டு சொந்த ஊரிலேயே இருக்கிறார்கள். உள்ளூர் வானொலியில் எளிதாக அகப்படுகிறார்கள். தமிழ்நாட்டில் 1986இல் மேலவை கலைக்கப்பட்டது. அதனால் சொல் மறந்துபோயிருக்கலாம். ஆனால் 'மாநில மேலவை உறுப்பினர்' என்றால் இன்றும் யாருக்கும் விளங்கும்.

'டாக் ரேடியோ'வைப் 'பேச்சு வானொலி' ஆக்கியது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. வானொலியில் எப்போதும் பேச்சுதான். இந்த வகை நிகழ்ச்சியின் உயிர், கேட்கிறவர் தொலைபேசியில் வந்து பேசுவதில் இருக்கிறது. கேட்பவரை 'நேயர்' என்று அழைத்த மொழி நம்முடையது. நேயம் உள்ளவர் என்று. உலகில் எந்த வானொலி தன்னைக் கேட்பவருக்கு இவ்வளவு அன்பான பெயர் வைத்தது? 'நேயர் உரையாடல்' என்று சொல்லிவிட்டால் எல்லாம் வந்துவிடுகிறது.

மொழிபெயர்ப்பவர்களிடம் என் மனத்தாங்கல் இதுதான்: அவர்கள் சொல்லுக்குச் சொல் தேடுகிறார்கள், அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்துக்கொள்கிறார்கள், எழுதிய வரியை ஆங்கிலம் தெரியாத ஒருவரிடம் வாசித்துக் காட்டுவதில்லை. வீட்டில் ஒரு அப்பாவோ அத்தையோ இருந்தால் போதும். ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அடுத்த மாதம் அதே உறுப்பினர் மறுபடி வானொலிக்கு வந்தபோது அறிவிப்பை நானே எழுதினேன். செயல்நெறி என்ற சொல்லைக்கூட நான் போடவில்லை. அந்த இடத்துக்கு அது தேவைப்படவில்லை. "நம் பகுதி மாநில மேலவை உறுப்பினர் நாளைக் காலை எட்டு மணிக்கு வானொலியில் நேயர்களோடு உரையாடுகிறார். சொத்து வரி, பள்ளி நிதி, மின்சாரம் பற்றி உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்." அனுப்புவதற்கு முன் அப்பாவிடம் படித்துக் காட்டினேன்.

"வீட்டு வரியப் பத்தியா? நம்ம வீட்டுக்கு இவ்வளவு போடுறானேன்னு கேளு. நானும் பக்கத்துல உக்காந்து கேக்குறேன்" என்றார்.