ஆங்கில 'டிஸ்சார்ஜ்' பிரெஞ்சுக்குப் போகும்போது கவனிக்க வேண்டியவை

ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கு மருத்துவ ஆவணங்களையும் சட்ட ஆவணங்களையும் மொழிபெயர்ப்பது என் தொழில். நீளநீளமான நோய்ப் பெயர்கள்தான் கஷ்டமாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அவை பெரும்பாலும் லத்தீன், கிரேக்க வேர்களிலிருந்து வந்தவை. இரண்டு மொழிகளிலும் கிட்டத்தட்ட ஒரே உருவத்தில் இருக்கும். என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது 'டிஸ்சார்ஜ்' மாதிரியான சாதாரணச் சொல்தான். எல்லோருக்கும் தெரிந்த சொல் என்பதாலேயே அதை யாரும் சரிபார்ப்பதில்லை.

இது பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். சுமையை இறக்குவது என்பது அதன் முதல் பொருள். இன்னும் அடியில் போனால் வண்டியைக் குறிக்கும் லத்தீன் சொல் 'கார்ருஸ்' கிடைக்கும். இறக்குவது சரக்காக இருக்கலாம், மின்சாரமாக இருக்கலாம். கடன், சீழ், குற்றச்சாட்டு, பதவிக் கடமை என்று எதுவாகவும் இருக்கலாம். ஆங்கிலம் அத்தனைக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டது. பிரெஞ்சோ ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல்லைப் பழக்கிக்கொண்டது. பழைய சொல்லின் நேர் வாரிசான 'தெஷார்ஜ்' இன்றும் பிரெஞ்சில் இருக்கிறது. ஆனால் ஆங்கிலச் சொல் நிற்கும் பல இடங்களில் அதற்கு இடமில்லை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால் தவறு கண்ணில் படாமல் போய்விடுகிறது.

மருத்துவமனையிலிருந்து நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதைப் பிரான்ஸில் 'சோர்த்தி' என்பார்கள். வெளியேறுதல் என்று பொருள். அந்த இடத்தில் 'தெஷார்ஜ்' என்று எழுதினால் என்ன ஆகும்? பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குக் குப்பைமேடு என்று ஒரு பொருள் உண்டு. அது யாரையும் ஏமாற்றாது, சூழலைப் பார்த்தே தள்ளிவிடுவார்கள். இன்னொரு பொருள்தான் ஆபத்தானது. மருத்துவர் வேண்டாம் என்று சொல்லியும் நோயாளி பிடிவாதமாகக் கிளம்பினால், 'இனி நடப்பதற்கு நானே பொறுப்பு' என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். அந்தத் தாளுக்குப் பெயரும் 'தெஷார்ஜ்'தான். ஆக, ஆங்கிலத்தில் சாதாரண டிஸ்சார்ஜ் படிவமாக இருந்தது, பிரெஞ்சில் மருத்துவர் பேச்சை மீறிப் போனதற்கான சாட்சியாக மாறிவிடும். அதைப் படிக்கும் காப்பீட்டு அலுவலருக்கோ அடுத்து சிகிச்சை தரப்போகும் மருத்துவருக்கோ அந்த நோயாளியைப் பற்றித் தவறான கதைதான் போய்ச் சேரும்.

சரி, 'சோர்த்தி' என்று போட்டுவிட்டால் எல்லா இடத்துக்கும் பொருந்துமா? கனடாவில் பிரெஞ்சு பேசும் மாநிலமான கியூபெக்கில் மருத்துவமனைகள் 'கோன்ஜே' என்கின்றன. அங்கே நோயாளிக்குக் 'கோன்ஜே' கிடைத்தது என்றால் வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம். பிரான்ஸில் அதே சொல் விடுமுறை. சில தொடர்களில் வேலையை விட்டு அனுப்பப்படுவதையும் குறிக்கும். அதனால் ஆவணம் எந்த நாட்டுக்குப் போகிறது என்பதை மொழிபெயர்ப்பாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரிக்குப் பிரான்ஸில் 'கோன்த் ரான்து தோஸ்பித்தாலிசாசியோன்' என்று பெயர். இதோடு 'லெத்ர் த லியேசோன்', அதாவது அடுத்து பார்க்கப்போகும் மருத்துவருக்கான தொடர்புக் கடிதமும் உண்டு. வெளியேறும் நாளிலேயே நோயாளியின் கையில் அதைக் கொடுக்க வேண்டும் என்பதற்கான விதிமுறையை 2016 ஜூலையில் வந்த அரசாணை வகுத்தது. இரண்டும் வேறு வேறு ஆவணங்கள். பெயரை மாற்றிப் போட்டால் தேடுகிறவர் தவறான தாளைத் தேடுவார்.

அதே மருத்துவக் கோப்பின் அடுத்த பக்கத்தில் இந்தச் சொல் உடலிலிருந்து வடியும் திரவத்தைக் குறிக்கும். புண்ணிலிருந்து வடிவது 'எக்கூல்மான்'. மெதுவாகக் கசிந்தால் 'சுவான்த்மான்'. வெள்ளைப்படுதலுக்குப் 'பெர்த்', நேரடியாகப் பார்த்தால் 'இழப்புகள்' என்று பொருள் தரும் பன்மைச் சொல். பெண்கள் தங்கள் மருத்துவரிடம் இயல்பாகச் சொல்லும் சொல் அதுதான். நோயாளி படிக்கப்போகும் துண்டறிக்கையில் அதை விட்டுவிட்டு 'லெக்கொரே' என்று மருத்துவப் பெயரைப் போடுவது எனக்குச் சம்மதமில்லை. ஒரு பெண் தன் உடம்பில் நடப்பதை அந்தத் தாளில் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். சிறப்பு மருத்துவருக்குப் போகும் அறிக்கை என்றால் அந்த மருத்துவப் பெயரே பொருத்தம்.

'நோ டிஸ்சார்ஜ் அட் டிஸ்சார்ஜ்' என்று ஒரு செவிலியர் குறிப்பு எழுதினால் ஆங்கிலம் படிப்பவர் தடுமாற மாட்டார்: வீட்டுக்கு அனுப்பும்போது புண்ணில் எதுவும் வடியவில்லை. முழு வாக்கியம் இருப்பதால் கணினி மொழிபெயர்ப்புகூட இதைச் சமாளித்துவிடலாம். அட்டவணைகள்தான் கஷ்டம். ஒரு கட்டத்தில் 'டிஸ்சார்ஜ்' என்ற ஒற்றைச் சொல், பக்கத்தில் ஒரு டிக். அது வீட்டுக்கு அனுப்பியதா, சீழா? மேலே உள்ள தலைப்பையும் கீழே உள்ள வரிகளையும் பார்க்காமல் மனிதராலும் சொல்ல முடியாது. ஒரு பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பி மொழிபெயர்க்கக் கேட்பவர்களிடம் முழுக் கோப்பையும் நான் கேட்பது இதனால்தான்.

சட்டத்தில் விளைவு இன்னும் கடுமை. கனடாவின் குற்றவியல் சட்டம் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிலும் சமமாகச் செல்லும். அதன் 730-ஆவது பிரிவில், குற்றம் உண்மை என்று முடிவான பிறகும் நீதிமன்றம் ஒருவரைக் குற்றத்தீர்ப்பு பதியாமல் விடுவிக்கலாம். நிபந்தனை வைத்து விடுவித்தால் ஆங்கிலத்தில் 'கன்டிஷனல் டிஸ்சார்ஜ்', பிரெஞ்சில் 'அப்சொலுசியோன் சூ கோந்திசியோன்'. இதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி 'லிபெராசியோன் கோந்திசியோனெல்' என்று எழுதினால், தண்டனை பெற்றுச் சிறையில் இருந்தவர் பரோலில் வெளியே வந்திருக்கிறார் என்று ஆகிவிடும். சட்டத்தின் பார்வையில் குற்றத்தீர்ப்பே பதியப்படாதவரைச் சிறைக்குப் போனவராக்குகிறது அந்த ஒரு வரி. குடியேற்ற விண்ணப்பத்திலோ வேலை விண்ணப்பத்திலோ அது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

'அப்சொலூட் டிஸ்சார்ஜ்' என்ற தொடரும் இப்படித்தான். அதே சட்டத்தின் 730-இல் அது 'அப்சொலுசியோன் ஆன்கோந்திசியோனெல்'. மனநலக் காரணத்தால் குற்றப் பொறுப்பு இல்லை என்று தீர்ப்பானவர்களைப் பற்றிய 672.54-இல் அதே ஆங்கிலத் தொடருக்கு 'லிபெராசியோன் ஆன்கோந்திசியோனெல்'. ஒரே நாடு, ஒரே சட்டம். அகராதியை எத்தனை முறை புரட்டினாலும் இது பிடிபடாது, பிரிவு எண்ணைப் பார்த்தால்தான் தெரியும்.

மற்ற துறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆற்றில் ஒரு வினாடிக்கு ஓடும் நீரின் அளவு 'தெபி', ஆலை வெளியே விடும் கழிவுநீர் 'ரெஜே'. அடமானம் தீர்ந்து சொத்தை விடுவிப்பது 'மேன்லவே'. ஒருவர் தன் கடமையைச் செய்வது 'எக்செர்சிஸ்'. பேட்டரி, மின்னிறக்கம் இவற்றுக்குக் கவலையில்லாமல் 'தெஷார்ஜ்' எழுதலாம்.

'தெஷார்ஜ்' சரியாகப் பொருந்தும் இன்னொரு இடம் ஐரோப்பிய ஒன்றியத்தின் வரவுசெலவு. செலவுக் கணக்கை ஐரோப்பிய நாடாளுமன்றம் பார்த்து முடித்து, ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தைப் பொறுப்பிலிருந்து விடுவிப்பதற்கு ஆங்கிலத்தில் டிஸ்சார்ஜ், பிரெஞ்சில் தெஷார்ஜ். 1996-ஆம் ஆண்டுக் கணக்குக்கு அதைத் தர 1998 டிசம்பரில் நாடாளுமன்றம் மறுத்தது. அதன் பிறகு வந்த விசாரணை அறிக்கையால் 1999 மார்ச்சில் ஜாக் சான்டேர் தலைமையிலான ஆணையம் முழுவதும் பதவி விலகியது.

உங்கள் ஆவணம் மொழிபெயர்ப்பாகி வந்ததும், பிரெஞ்சு தெரியாவிட்டாலும் ஒரு காரியம் செய்யலாம். ஆங்கில மூலத்தில் 'டிஸ்சார்ஜ்' வரும் இடங்களையெல்லாம் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பிரெஞ்சில் என்ன போட்டிருக்கிறார், அதற்கு என்ன பொருள் என்று கேளுங்கள். பொறுப்பான மொழிபெயர்ப்பாளர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். மருத்துவக் கோப்பில் எல்லா இடத்திலும் 'தெஷார்ஜ்' என்றே இருந்தால் திருப்பி அனுப்புங்கள். நீதிமன்ற ஆவணம் என்றால் சட்டப் பிரிவு எண்ணைச் சேர்த்துக் கொடுங்கள். அப்புறம், முத்திரை வைத்த மொழிபெயர்ப்பில் நீங்களே பேனாவால் திருத்திவிடாதீர்கள். அவரிடமே கொடுத்துத் திருத்தி, புதிதாகக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிய பிறகு சமர்ப்பியுங்கள்.