'லூப்' என்ற சொல்லும் வெட்டிய ஒரு வயரும்

கிற்றார்காரரின் வால்வு அம்ப் (கண்ணாடிக் குழாய்களால் ஒலியைப் பெருப்பிக்கும் பெட்டி) ஒன்றின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். ஸ்பீக்கர் வயர் செருகும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, அருகருகே இரண்டு ஜாக் துளைகள் இருக்கலாம். ஒன்றுக்கு மேல் 'சென்ட்', மற்றதற்கு மேல் 'ரிற்றேர்ன்'. இரண்டையும் சேர்த்து 'எஃபெக்ற்ஸ் லூப்' என்பார்கள். கொழும்பு வெள்ளவத்தையில் கலியாண வீட்டுக்கு வாசிக்கப் போகிற பொடியனிலிருந்து புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஜாக்கும் வயரும் விற்கிறவர் வரைக்கும் எல்லார் வாயிலும் அது 'லூப்'தான். தமிழில் அதை என்ன சொல்வது என்று நானும் யோசித்ததில்லை, அந்தச் சொல்லால் ஒருமுறை கைக்காசு போகும் வரை.

பொருளை முதலில் பார்த்துவிடுவோம். கிற்றார் அம்புக்குள் இரண்டு பகுதி உண்டு. பிறீஅம்ப், கிற்றாரிலிருந்து வரும் மெல்லிய மின் சைகையைப் பெருப்பித்து, தொனியைத் திருத்தி, வேண்டுமென்றால் கரகரக்கவும் வைக்கும். பவர் அம்ப், அதற்கு ஸ்பீக்கரைத் தள்ளும் வலுவைக் கொடுக்கும். எங்கள் உயர்தரப் பௌதிகவியல் புத்தகத் தமிழில் சொன்னால் முன்விரியலாக்கி, வலு விரியலாக்கி. தமிழ்நாட்டில் பெருக்கி, மிகைப்பி என்பார்கள். பிறீஅம்ப் முடிந்து பவர் அம்ப் தொடங்கும் இடத்தில் சைகையை வெளியே எடுத்து, ஒரு பெடலுக்குள் (காலால் மிதித்து இயக்கும், ஒலியை மாற்றும் சிறு பெட்டி) விட்டு, மறுபடி உள்ளே அனுப்பும் ஏற்பாடுதான் எஃபெக்ற்ஸ் லூப்.

எதற்கு இந்த வில்லங்கம், கிற்றாருக்கும் அம்புக்கும் நடுவிலேயே பெடலைப் போட்டால் என்ன என்று கேட்கலாம். டிலே பெடலை அங்கே போட்டால் அது உண்டாக்கும் எதிரொலிகளும் பிறீஅம்புக்குள் போய் மூல ஒலியோடு சேர்ந்து கரகரக்கும். நாலு சுரம் வாசித்தால் நாற்பது சுரத்தின் சகதி வரும். கரகரப்பு முடிந்த பிறகு எதிரொலியைச் சேர்த்தால் ஒவ்வொன்றும் தனித்துக் கேட்கும். மண்டபத்து முழக்கத்தைச் சேர்க்கும் ரிவேர்புக்கும் இதே கதைதான். தொனியை 'வா' என்று வளைக்கும் வா பெடலுக்கும் கரகரப்பைக் கூட்டும் ஓவர்டிரைவுக்கும் முன்பக்கமே நல்லது.

இனிச் சொல். 'எஃபெக்ற்' லத்தீனிலிருந்து வந்தது. 'ஃபாக்கெரே' என்றால் செய்தல். அதோடு 'எக்ஸ்' சேர்ந்து 'எஃபிக்கெரே', செய்து முடித்தல். அதன் பெயர்ச்சொல் 'எஃபெக்ற்றுஸ்'. ஆகவே பாடப்புத்தகம் அதை 'விளைவு' என்று பெயர்த்தது சரி. ஒளிமின் விளைவு என்று படித்திருப்போம். ஆனால் பெடலுக்கு அது பொருந்தாது. பெடல்காரர் சொல்லும் 'எஃபெக்ற்', மேடை நாடகத்திலும் வானொலியிலும் இடியோசை, குதிரைக் குளம்போசை என்று சேர்த்தார்களே, அந்த வழியில் வந்த சொல். காரணத்தால் விளைந்ததல்ல, வேண்டுமென்றே ஏற்றியது. 'விளைவு வளையம்' என்று யாராவது மொழிபெயர்த்து வைத்தால் விவசாயத் திணைக்களத்துக்குத்தான் கடிதம் போகும்.

எனக்குப் பிடித்த சொல் 'மெருகு'. செட்டியார் தெருவில் நகை செய்கிறவர்கள் வாயில் தினமும் புழங்குவது. பழைய சங்கிலியைக் கொடுத்தால் மெருகு போட்டுத் திருப்பித் தருவார்கள். சங்கிலி அதே சங்கிலி, பளபளப்பு மட்டும் புதிது. டிலேயும், பலர் சேர்ந்து வாசிப்பது போலாக்கும் கோரஸும், ரிவேர்பும் செய்வது அதுதான். கொடுத்து வாங்குகிற கருத்தும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஆகவே எஃபெக்ற், ஒலிமெருகு. மெருகுப் பெடல் என்று சொன்னாலும் காதுக்கு உறுத்தவில்லை.

சிக்கல் 'லூப்' என்பதில். ஆங்கிலத்தில் இது மத்திய காலத்திலேயே இருக்கிறது, கயிற்றை மடித்துப் போட்ட கண்ணிக்குப் பெயராக. வளைவைக் குறிக்கும் கேலிக் மொழிச் சொல்லோடு இதைத் தொடர்புபடுத்துகிறவர்களும் உண்டு. தமிழில் நேரே எடுத்தால் கண்ணி, சுருக்கு, வளையம், மடக்கு, சுற்று என்று கை நிறையச் சொல் இருக்கிறது. சுற்று வேண்டாம், அதை மின்சுற்று எப்போதோ எடுத்துக்கொண்டது. மற்றவற்றை எடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று தெரிந்தது: எங்கள் துறையில் ஆங்கிலக்காரர் ஒரே சொல்லால் மூன்று வேறு பொருள்களை அழைக்கிறார்கள்.

ஒன்று 'கிரவுண்ட் லூப்'. அம்பும் பெடலும் தனித்தனிச் சுவர்ப் பிளக்கிலிருந்து மின்சாரம் எடுத்து, இரண்டும் புவித்தொடுப்பால் ஒருபக்கமும் கேபிளின் கவசத்தால் மறுபக்கமும் இணைந்தால், வயர் உண்மையிலேயே மூடிய வட்டமாகிவிடும். அதில் ஓடும் சிறு மின்னோட்டம் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரையும். நம் நாட்டு 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் குரல் அது. இதற்கு 'வளையம்' அச்சாகப் பொருந்தும்: புவி வளையம். ஒலியைத் திரும்பத் திரும்ப உள்ளே விடும் பின்னூட்டலும் வளையமே. இரண்டாவது, வாசித்ததைப் பதிந்து மறுபடி மறுபடி ஒலிக்கும் 'லூப்பர்' பெடல். வந்த சொல்லே திரும்ப வரும் செய்யுள் அணிக்கு நம்மிடம் 'மடக்கு' என்று பெயர் இருக்கிறது. கணினிக்காரர்களும் நிரலில் அதையே வைத்துக்கொண்டார்கள். லூப்பர், மடக்குப் பெடல்.

மூன்றாவதுதான் நம்முடையது. இதில் வட்டமும் இல்லை, மடக்கும் இல்லை. சைகை ஓர் இடத்தில் வெளியேறுகிறது, அதற்கு அடுத்த இடத்தில் நுழைகிறது. புறப்பட்ட இடத்துக்கு அது ஒருபோதும் திரும்பி வருவதில்லை. கேபிள் தரையில் வளைந்து கிடக்கும் கோலத்தைப் பார்த்து வைத்த பெயர். மின்சாரத்தின் கண்ணால் பார்த்தால் அங்கே இருப்பது ஒரு வெட்டு. பிறீஅம்பையும் பவர் அம்பையும் இணைத்த வயரை வெட்டி, வெட்டுண்ட இரு நுனிகளிலும் இரண்டு ஜாக் பொருத்தியிருக்கிறார்கள்.

காசு போன கதை இதுதான். என் அம்ப் ஒரு கலியாண வீட்டில் நடுப்பாட்டில் மெலிந்துபோனது. ஒலி திடீரென்று பாதியாகும், பெட்டியில் தட்டினால் திரும்ப வரும். ஒரு திருத்துநரிடம் கொண்டுபோனேன். பின்னால் இருக்கிற லூப்பில் பிழை இருக்குமோ என்று கேட்டேன். "இல்லைத் தம்பி, லூப் எண்டது சும்மா பக்கத்தில கிடக்கிற வளையம். நீங்கள் அதில ஒண்டும் கொழுவேல்லை எண்டா அது வேலை செய்யாது. வால்வுதான் போட்டுது" என்றார். வால்வுகளை மாற்றினார். கிழமை முடிய அதே நோய்.

வீட்டில் வைத்து ஒரு சிறு கேபிளைச் சென்டிலிருந்து ரிற்றேர்னுக்குக் கொழுவினேன். அம்ப் கணீரென்று எழும்பியது. ரிற்றேர்ன் ஜாக்கினுள் ஒரு சிறு உலோக நாக்கு இருக்கும். எதையும் செருகாதபோது அது சென்டைத் தொட்டுக்கொண்டு வெட்டை மூடி வைத்திருக்கும். பெடல் போட்டாலும் போடாவிட்டாலும் முழு ஒலியும் அந்த நாக்கின் நுனியால்தான் போகிறது. எங்கள் வீடு கடலோர வீதியான மரைன் டிரைவுக்கு ஓர் ஒழுங்கை தள்ளி. யன்னல் கம்பியே துருப்பிடிக்கிற உப்புக் காற்றில் அந்த நாக்கு கறுத்துப் போயிருந்தது. துப்புரவாக்கும் ஸ்பிறே அடித்து, பிளக்கைப் பத்துத் தரம் செருகி எடுத்ததோடு சரி. கழற்றிய பழைய வால்வுகள் இன்னும் நன்றாகத்தான் இருக்கின்றன. அந்த மனிதரில் பிழை சொல்ல மாட்டேன். 'லூப்' என்ற பெயர் அவரை ஏமாற்றிவிட்டது.

ஆகவே வளையம் வேண்டாம். 'புறவழி' என்று ஒரு நண்பர் சொன்னார். நல்ல சொல், ஆனால் அது 'பைபாஸ்'. பெடலைத் தவிர்த்துப் போவதைக் குறிக்கும், நேர் எதிர். நான் வைத்துக்கொண்டது 'இடைவழி'. இரண்டு பகுதிக்கும் இடையில் திறந்த வழி என்பதால். முழுப்பெயர் மெருகு இடைவழி. சென்டுக்கும் ரிற்றேர்னுக்கும் புதிதாக எதையும் ஆக்கத் தேவையே இல்லை: போக்கு, வரவு. 'போக்கும் வரவும் புணர்வுமிலாப் புண்ணியனே' என்று சிவபுராணத்தை மனப்பாடம் பண்ணாத சைவப் பிள்ளை பம்பலப்பிட்டியில் இருக்காது. போக்குவரவு என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு ஜாக்கும் சோடியாக நிற்கின்றன.

இடைவழி இல்லாத அம்புக்கு அதைப் புதிதாகப் பொருத்துவதும் இந்த வெட்டில்தான் தொடங்குகிறது. வழக்கமான இடம், மொத்தச் சத்தத்தைக் கட்டுப்படுத்தும் மாஸ்ரர் வொலியூமுக்கும் பவர் அம்பின் வாசலான பேஸ் இன்வேர்ற்றருக்கும் நடுவே. மார்ஷலின் ஜேசிஎம்800 வரிசையில் வந்த 2203 அம்ப் இதற்குப் பேர்போனது. மூலப் பதிப்பில் இடைவழி இல்லாதபடியால் வெட்டிப் பொருத்தாத திருத்துநர் குறைவு; பின்னாளில் வந்த மறுபதிப்பில் மார்ஷலே பொருத்தி விற்றது.

வயரை வெட்டி இரண்டு ஜாக்கை மட்டும் வைத்தால் அது வெறும் இடைவழி. வேலை செய்யும், ஆனால் இரண்டு குறை வரும். முதலாவது அளவு. பிறீஅம்ப் வால்வு பல பத்து வோல்ற் வரை ஊசலாடக் கூடியது. 9 வோல்ற் பற்றரியில் ஓடும் பெடலுக்கு நாலு வோல்ற்றே தொண்டைவரை. இரண்டாவது, கேபிள் உயர்சுரத்தைத் தின்பது. 1 மெகாஓம் மாஸ்ரர் வொலியூம் நடுவில் நிற்கும்போது அதன் பின்னாலிருக்கும் தடை 250 கிலோஓம் வரை போகும். கேபிளின் கொள்ளளவத்தை மீற்றருக்கு 100 பிக்கோஃபரட் என்று வைத்தால் 5 மீற்றர் கேபிள் 500 பிக்கோஃபரட். இரண்டும் சேர்ந்தால் ஏறத்தாழ 1300 ஹேர்ட்ஸுக்கு மேலே ஒலி சரியத் தொடங்கும். கிற்றாரின் கடி இருப்பதே அதற்கு மேலேதான். போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போலிருக்கும்.

மருந்து, இன்னொரு வால்வு. 12ஏஎக்ஸ்7 என்ற சிறு வால்வின் கண்ணாடிக்குள் இரண்டு திரையோட்டு, அதாவது பெருப்பிக்கும் அலகு, இருக்கிறது. முதற்பாதியைக் கதோட்டுப் பின்தொடரியாக வைத்தால் அது சைகையைப் பெருப்பிக்காது, ஆனால் வெளியீட்டுத் தடையைச் சில நூறு ஓமுக்கு இறக்கிவிடும். கேபிள் என்ன தின்றாலும் தெரியாது. அதற்குப் பின் தடைகளால் பங்கிட்டுப் பத்தில் ஒன்றாகக் குறைத்துப் போக்குக்கு அனுப்புவது. வரவில் மற்றப் பாதி அதை மீட்டெடுக்கும். 100 கிலோஓம் சுமையோடு அந்தப் பாதி 60 மடங்கு வரை பெருப்பிக்கும் என்பதால் அதையும் அடக்கிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் இரைச்சலும் சேர்ந்து பெருக்கும். வால்வு வைக்க இடமில்லாவிட்டால் 500 வோல்ற் தாங்கும் எல்என்டி150 என்ற மொஸ்பெற் திரான்சிஸ்ரர் சிறு பலகையில் அடங்கிவிடும். வால்வு வெறியர்கள் முகம் சுளிப்பார்கள். கண்ணை மூடிக் கேட்டால் கண்டுபிடிப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

சேர்க்கும் ஒவ்வொரு 12ஏஎக்ஸ்7க்கும் 6.3 வோல்ற்றில் வால்வைச் சூடாக்க 300 மில்லிஅம்பியர் மின்னோட்டம் வேண்டும். நாலு ஈஎல்34 பவர் வால்வு ஏற்கெனவே 6 அம்பியர் எடுக்கும் அம்பில் அது பொருட்டில்லை. சின்ன அம்பில் மின்மாற்றி கொதிக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் பில்ற்றர் கொள்ளளவிகளில் 400, 500 வோல்ற் தங்கியிருக்கும். தடையொன்றால் இறக்கி, வோல்ற்மீற்றரால் அளந்து, பிறகு கை வையுங்கள். புதிய ஜாக்குகள் பிளாஸ்ரிக் உடலோடு, உலோகப் பெட்டியைத் தொடாதபடி இருக்கட்டும், மேலே சொன்ன புவி வளையம் பிறக்காமலிருக்க. இரைச்சலை நிறுத்த மின்பிளக்கின் புவிக்கம்பியை வெட்டுகிற வைத்தியர்களும் கொழும்பில் உண்டு. அந்த அம்பை நான் தொட மாட்டேன்.

இடைவழியில் 'சீரீஸ்', 'பரலல்' என்று இருவகை. ஆடிவேல் திருவிழாத் தேர் காலி வீதியில் வரும்போது வாகனம் முழுவதையும் மரைன் டிரைவுக்குத் திருப்பிவிட்டால் தொடர் இடைவழி. பாதி காலி வீதியிலும் பாதி மரைன் டிரைவிலும் போய்ப் பின்னே ஒன்றாகச் சேர்ந்தால் சமாந்தர இடைவழி. இரண்டாவதில் மூல ஒலி தொடாமல் இருக்கும் என்று பெருமை பேசுவார்கள். ஆனால் டிஜிற்றல் பெடல் 1 மில்லிசெக்கன் தாமதித்து, மூல ஒலியையும் கலந்து அனுப்பினால் 500, 1500, 2500 ஹேர்ட்ஸில் ஒன்றையொன்று விழுங்கிச் சீப்புப் பல்லுப் போல ஓட்டை விழும். மீட்டெடுக்கும் திரையோட்டு அலையைத் தலைகீழாக்குவது இன்னொரு தொல்லை. என் வாக்கு தொடருக்கே.

ஓர் இடத்தில் எந்த இடைவழியும் உதவாது. மாஸ்ரர் வொலியூம் இல்லாத பழைய அம்ப்களை முழுச்சத்தத்தில் வைத்தால் கரகரப்பின் பெரும்பகுதி பவர் அம்பிலேயே பிறக்கிறது. இடைவழி அதற்கு முன்னாலேயே முடிந்துவிடும். டிலே பழையபடி சகதிக்குள்தான். அப்படிப்பட்ட அம்பை வெட்டக் கேட்டு வருகிறவரை நான் தேத்தண்ணி கொடுத்துத் திருப்பி அனுப்புவதுண்டு.

என் அம்பின் முதுகில் வெள்ளை மார்க்கரால் 'போக்கு', 'வரவு' என்று எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் குழுவில் கீபோட் வாசிக்கிற தம்பி முதல்நாள் அதைப் பார்த்து, "என்ன அண்ணை, கணக்கு வழக்கோ?" என்று கேட்டான். இப்போது ஒலிச்சோதனை நேரத்தில் மேடையின் மறுபக்கத்திலிருந்து அவனே கத்துகிறான்: "அண்ணை, வரவு கழண்டுபோச்சு!"