சதுர்த்தி நிலாவும் எதிர் புளோக்கும்

சிங்கப்பூரில் எங்கள் மாடியில் குடியிருக்கும் அக்கா, போன சங்கடஹர சதுர்த்திக்கு மறுநாள் காலை மின்தூக்கி வாசலில் என்னை மடக்கினார். "தம்பி, நீங்கதான் இதெல்லாம் எழுதுறீங்களே, சொல்லுங்க. செயலியில 9.38க்கு நிலா உதயம்னு போட்டிருந்துச்சு. காரிடார்ல போய் நின்னா நிலாவையே காணோம். பதினொன்னே காலுக்கு மயிலாடுதுறையிலேருந்து அம்மா போன் பண்றாங்க, நிலா பார்த்தாச்சு, சாப்பிடப் போறேன்னு. அங்க மணி எட்டே முக்கால்தான்! நமக்கு மட்டும் லேட்டா வருதா இந்த நிலா?"

தேய்பிறைச் சதுர்த்தியன்று நிலாவைப் பார்த்த பிறகே சாப்பிடும் விரதம் இது. அவர் அதற்குமேல் நிற்க முடியாமல் சாப்பிட்டுவிட்டாராம். பாவம், இந்த ஒரு கேள்விக்குள் சூரியன், நிலா, கடிகாரம், எதிர் புளோக் என நான்கு பேர் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

அடிப்படை தெரிந்ததுதான். வானத்தில் சூரியனைவிட்டு நிலா 12 டிகிரி விலகினால் ஒரு திதி. 180 டிகிரி விலகி நேரெதிரே நின்றால் பௌர்ணமி. தேய்பிறைச் சதுர்த்தி என்பது அதற்கப்புறம் 36 டிகிரியிலிருந்து 48 டிகிரி வரை நிலா நகர்ந்திருக்கும் நேரம். பௌர்ணமி நிலா சூரியன் மறையும்போது உதிக்கும். பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது. 36ஐ 15ஆல் வகுத்தால் 2 மணி 24 நிமிடம், 48ஐ வகுத்தால் 3 மணி 12 நிமிடம். ஆக, சூரியன் மறைந்து ஏறக்குறைய இத்தனை நேரத்தில் சதுர்த்தி நிலா வந்தாக வேண்டும். செயலியே வேண்டாம், விரல்விட்டுக் கணக்குப் போடலாம்.

சிங்கப்பூரில் சூரியன் ஏழு மணியை ஒட்டி மறைகிறது. அதனால் நிலா உதயம் ஒன்பதரைக்கும் பத்தேகாலுக்கும் நடுவில், மாதத்துக்கு மாதம் சற்று முன்பின்னாக விழும். மயிலாடுதுறையில் சூரியன் ஆறு, ஆறரைக்கு மறைவதால் அம்மாவின் நிலா எட்டரை, ஒன்பதுக்கு வந்துவிடுகிறது. நிலா தாமதிக்கவில்லை, நம் கடிகாரம்தான் முந்தி ஓடுகிறது. சிங்கப்பூர் இருக்கும் தீர்க்கரேகை சுமார் 103.8 டிகிரி கிழக்கு. சூரியனை வைத்துப் பார்த்தால் நம் நேரம் கிரீன்விச்சுக்கு 6 மணி 55 நிமிடம் முன்னால் இருந்தால் போதும். மலேசியா தன் இரு பகுதிகளுக்கும் ஒரே நேரம் என்று முடிவெடுத்தபோது சிங்கப்பூரும் கூடவே சேர்ந்து, 1982 ஜனவரி 1 முதல் கடிகாரத்தை அரை மணி நேரம் தள்ளி எட்டு மணி நேர முன்னிலைக்குப் போனது. அதனால்தான் இங்கே உச்சிவெயில் மதியம் ஒரு மணிக்கு. ஆனால் விரதக்காரர்கள் கோபப்பட வேண்டாம். சூரியன் உதிப்பதும் ஏழு மணிக்குத்தான் என்பதால் பட்டினி கிடக்கும் நேரம் கூடவில்லை. மறுநாள் காலை வேலைக்கு ஓடும்போது தூக்கம்தான் குறைகிறது.

இதே 36, 48 கணக்கு வளர்பிறையிலும் உண்டு. வளர்பிறைச் சதுர்த்தியில் நிலா சூரியனைவிட 36 முதல் 48 டிகிரி பின்தங்கி நிற்பதால், சூரியன் மறைந்து அதே இரண்டரை, மூன்று மணி நேரத்தில் மேற்கே மறையும். அதாவது வளர்பிறையில் நான்காம் பிறை மறையும் அதே ஒன்பதரை, பத்து மணிக்கு, தேய்பிறையில் சதுர்த்தி நிலா கிழக்கே எட்டிப் பார்க்கும். நாலாம் பிறை பார்த்தால் நாய் படாத பாடு என்று ஒன்றைப் பார்க்காமல் ஓடுகிறோம், மற்றொன்றுக்காகப் பசியோடு காத்திருக்கிறோம். கண்ணாடியில் திருப்பிப் பார்த்தது போல ஒரே கணக்கு!

சரி, நமக்கு மட்டும் லேட்டா? லண்டனில் படிக்கும் அக்காவின் மகளைக் கேட்க வேண்டும். அங்கே செப்டம்பரில் சதுர்த்தி நிலா எட்டு, எட்டரைக்குக்கூட வந்துவிடும். ஏப்ரலில் நள்ளிரவைத் தாண்டிவிடும். சிங்கப்பூரில் ஆண்டு முழுதும் ஏறக்குறைய ஒரே நேரம். இது ஏன் என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பூமி சுழல்வதால் கிழக்கு வானம் எல்லாவற்றையும் அடிவானத்துக்குக் கீழிருந்து தூக்கிக்கொண்டு வருகிறது. அதை ஓர் எஸ்கலேட்டர் என்று வையுங்கள். நிலா அதில் சும்மா நிற்காத பயணி. ஏறிக்கொண்டே இருக்கும் படியில் மெதுவாகப் பின்னோக்கி நடக்கிறது. ஒரு நாளில் சூரியனோடு ஒப்பிட்டால் சுமார் 12 டிகிரி பின்னால் போயிருக்கும். நேற்று உதித்த அதே நேரத்தில் இன்று பார்த்தால் அது இன்னும் அடிவானத்துக்குக் கீழே இருக்கும். அந்தக் குறையைச் சரிக்கட்ட பூமி கூடுதலாகச் சுழல வேண்டும். அதுதான் நாளுக்குச் சராசரி 50 நிமிடத் தாமதம்.

ஆனால் பின்னால் வைக்கும் அடி எந்தத் திசையில் விழுகிறது என்பதில்தான் சூட்சுமம். லண்டனில் எஸ்கலேட்டர் சரிவானது. அதில் நிலாவின் பாதை அடிவானத்தோடு வெட்டும் கோணம் ஆண்டுக்குள் சுமார் 15 டிகிரியிலிருந்து 62 டிகிரி வரை ஆடும். செப்டம்பரில் பௌர்ணமியை ஒட்டிய நிலாவுக்கு அந்தக் கோணம் வெறும் 15. நிலா 12 டிகிரி பின்னால் நடந்தாலும், மாடிப்படித் திருப்பத்தில் பக்கவாட்டில் நகர்ந்தவர் போல, கீழே இறங்குவது 3 டிகிரிதான். 20 நிமிடத்தில் மேலே வந்துவிடும். அடுத்தடுத்த மாலைகளில் பெரிய நிலா அநேகமாக ஒரே நேரத்தில் வருவதால்தான் ஆங்கிலேயர் அதற்கு அறுவடை நிலா என்று பெயர் வைத்தார்கள். மார்ச்சில் கோணம் 62. எடுத்து வைக்கும் அடி ஏறக்குறைய முழுதும் கீழ்நோக்கி விழுகிறது. தாமதம் ஒரு மணி நேரத்தைத் தாண்டிப் போகும். பௌர்ணமிக்கு அப்புறம் அப்படி நான்கு நாள் சேர்த்தால் நள்ளிரவு.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றேகால் டிகிரி வடக்கே இருக்கிறது. இங்கே வானம் எஸ்கலேட்டரே இல்லை, மின்தூக்கி! சூரியன், நிலா, நட்சத்திரம் எல்லாம் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய நேராக மேலே ஏறுகின்றன. நிலாவின் பாதையும் எந்த மாதத்திலும் 60 டிகிரிக்குக் குறையாமல் செங்குத்தாகவே அடிவானத்தை வெட்டுகிறது. பின்னால் வைக்கும் அடி எப்போதும் கீழேதான் விழும். ஆகவே பெரும்பாலும் 40 நிமிடத்துக்கும் ஒரு மணி நேரத்துக்கும் இடையே, அலுவலகம் போகிறவர் போல ஒழுங்கான தாமதம்.

இந்த அழகை விட்டுவிட்டு வாட்சப்பில் என்ன சுற்றுகிறது தெரியுமா? நிலா கடலை இழுப்பது போல நம் உடம்பிலிருக்கும் நீரையும் இழுக்கிறதாம், அதற்காகத்தான் முன்னோர் விரதம் வைத்தார்களாம். கடலில் ஏற்ற இறக்கம் வருவது பூமியின் ஒரு பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் நடுவே, சுமார் 12,700 கிலோமீட்டரில், நிலாவின் இழுப்பு மாறுபடுவதால். ஆறடி மனிதனின் தலைக்கும் காலுக்கும் நடுவே அந்த வித்தியாசம் ஒன்றுமே இல்லை. விரதம் இருப்பவர் பக்தியால் இருக்கட்டும், அதற்கு அறிவியல் சான்றிதழ் எதற்கு? நிஜமான அறிவியல் வேண்டுமென்றால் அவர் தலைக்கு மேலேயே இருக்கிறது.

இனி அக்காவின் காரிடார். உதய நேரம் என்று போடுவது தடையில்லாத கடல் விளிம்புக்கான நேரம். எங்கள் காரிடாருக்கு நேரெதிரே, கிழக்கில், பன்னிரண்டு மாடிப் புளோக் நிற்கிறது. கையை முழுதாக நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் வானத்தில் ஏறக்குறைய 10 டிகிரி. அடிவான மட்டத்திலிருந்து முஷ்டிமேல் முஷ்டியாக அடுக்கிப் பார்த்தோம். எதிர் புளோக்கின் உச்சி மூன்று முஷ்டிக்குச் சற்றுக் குறைவு, 28 டிகிரி என்று வையுங்கள். நிலா நேராக ஏறுவதால் ஒரு முஷ்டிக்கு 40 நிமிடம். 9.38க்கு உதித்த நிலா அந்த மொட்டை மாடிக்கு மேலே வர 11.30 ஆகிவிடும். அம்மா போன் செய்த 11.15க்கு நம் நிலா மயிலாடுதுறை நிலாவைவிட ஒன்றரை மணி நேரம் மூத்தது. காங்கிரீட்டுக்குப் பின்னால் மறைந்து நின்றது, அவ்வளவுதான்.

அந்த ஒன்றரை மணி நேரம் இன்னொரு வேலையும் செய்யும். திதி தொடங்கும் கணம் உலகத்துக்கே ஒன்று. நிலா உதயமோ ஊருக்கு ஊர் வேறு. நிலா உதிக்கும்போது சதுர்த்தி இருக்கும் நாள்தான் விரத நாள். நம் நிலா உதித்த பின், அம்மாவின் நிலா உதிக்கும் முன், அந்த இடைவெளியில் சதுர்த்தி பிறந்தால் அங்கே விரதம் இன்றைக்கு, இங்கே நாளைக்கு. கணக்குப்படி பதினைந்தில் ஒரு தடவை இப்படி நேரலாம். சங்கடஹர சதுர்த்தி வருடத்துக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று முறை வருவதால், ஏறக்குறைய ஆண்டுக்கொரு முறை அம்மாவும் பெண்ணும் வெவ்வேறு நாளில் பட்டினி கிடப்பார்கள். யார் பஞ்சாங்கமும் தப்பில்லை.

இந்த மாதம் அக்கா காரிடாரில் நிற்கவில்லை. கொழுக்கட்டை டப்பாவைத் தூக்கிக்கொண்டு பக்கத்துப் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்துக்குப் போனார். அங்கிருந்து கிழக்கே தூரத்துப் புளோக்குகளின் உயரம் அரை முஷ்டிதான். உதயத்துக்கு இருபது நிமிடம் கழித்து, தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே, ஒரு பக்கம் தேய்ந்து, மாம்பழ நிறத்தில் வந்தது. உடனே மயிலாடுதுறைக்குப் போன் போட்டார். "அம்மா, இன்னிக்கு நாங்க முந்திட்டோம்." அங்கே மணி ஏழரைதான். அம்மா இன்னும் கோயிலிலிருந்து திரும்பவில்லையாம்.